அபராதம் விதிக்கும் கண்கள்

லஞ்சம் வாங்காது, சிபாரிசுக்கு மசியாது என்று வரவேற்கப்பட்டவை சாலைக் கேமராக்கள். ஆனால் நியாயம் என்பது அதோடு முடிகிற விஷயமா?

கேரளத்தின் வயநாடு மாவட்டத்தில் அம்பலவயல் மின்வாரிய அலுவலகத்தின் ஜீப் 2023 ஜூனில் வழக்கமான வேலையாகக் கிளம்பியது. மழைக்காலம். மின்கம்பிகளில் உரசும் கிளைகளை வெட்ட வேண்டும். அதற்கான நீளக் கம்பு வண்டியின் மேல் கட்டப்பட்டிருந்தது. கேரளத்தில் அதன் பெயர் தோட்டி, தமிழில் துறட்டி. வழியில் ஒரு கம்பத்தின் உச்சியில் இருந்த கேமரா இதைப் பார்த்துவிட்டது. சில நாட்களில் மோட்டார் வாகனத் துறையிடமிருந்து நோட்டீஸ் வந்தது. வண்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்புக்கு ரூ. 20,000, சீட் பெல்ட் போடாததற்கு ரூ. 500. மொத்தம் ரூ. 20,500.

மின்வாரியம் வாயைத் திறக்கவில்லை. ஆனால் கல்பெட்டாவில் உள்ள மோட்டார் வாகனத் துறை அலுவலகத்தின் மின் இணைப்பு துண்டிக்கப்பட்டது. காரணம்: மின் கட்டண பாக்கி. மாவட்டத்தின் கேமராக்களைக் கண்காணித்துக்கொண்டிருந்ததும் அதே அலுவலகம்தான்! அவசரமாகப் பணம் கட்டப்பட்டு மின்சாரம் திரும்பியது. ஆனால் அடுத்தடுத்து மட்டன்னூரிலும் காசர்கோட்டிலும் உள்ள அதே துறையின் அலுவலகங்கள் இருளில் மூழ்கின. விதிப்படிதான் நடந்துகொண்டோம் என்றன இரு துறைகளும். இரண்டு பேர் சொன்னதும் உண்மை.

மாநிலமே சிரித்தது. ஆனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் பொறாமையும் கலந்திருந்தது. கேமரா அனுப்பும் நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்கும் சாதாரண வாகன ஓட்டியிடம், பதிலுக்குப் பிடுங்குவதற்கு ஃபியூஸ் எதுவும் இல்லை.

கேரளத்தின் 'பாதுகாப்பான கேரளம்' திட்டத்தை முதல்வர் பினராயி விஜயன் 2023 ஏப்ரல் 20 அன்று தொடங்கி வைத்தார். மொத்தம் 726 கேமராக்கள். செலவு சுமார் ரூ. 232 கோடி. மாநில அரசு நிறுவனமான கெல்ட்ரான் கேமராக்களை நிறுவிப் பராமரிக்கும், அரசு அந்தத் தொகையைத் தவணைகளில் கொடுத்துத் தீர்க்கும் என்பது ஏற்பாடு. கேமராக்களில் 675 செயற்கை நுண்ணறிவு கொண்டவை. ஹெல்மெட் இல்லாத தலை, பெல்ட் இல்லாத மார்பு, காதில் செல்போன், ஸ்கூட்டரில் மூன்றாவது ஆள் ஆகியவற்றைத் தானாகவே அடையாளம் கண்டு படம் எடுப்பவை. ஜூன் 5 முதல் அபராதம் விதிக்கத் தொடங்கினார்கள். அன்று ஒரே பகலில் சிக்கிய மீறல்கள் 28 ஆயிரத்துக்கு மேல்.

எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. எதிர்க்கட்சித் தலைவர் வி.டி. சதீசனும் காங்கிரஸ் தலைவர் ரமேஷ் சென்னிதலாவும் ஒப்பந்தத்தில் ஊழல் என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். அரசு மறுத்தது. (அந்த மனு 2025ல் தள்ளுபடியானது.) இரண்டாவது எதிர்ப்பு சமையலறைகளிலிருந்து வந்தது. கணவன், மனைவி, ஒரு குழந்தை என்று ஸ்கூட்டரில் போகும் குடும்பத்தில் குழந்தையும் ஓர் ஆள் என்கிறது சட்டம். அப்படியானால் கார் வாங்க முடியாதவன் குழந்தையை எங்கே விடுவது? மாநிலங்களவை உறுப்பினர் எளமரம் கரீம் விலக்கு கேட்டு மத்திய அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். முடியாது என்றார் நிதின் கட்கரி. அவர் சொன்னதிலும் தவறில்லை. இரண்டு சக்கரத்தில் மூன்றாவது உயிர் பத்திரமாக இருக்காது. அதற்குள் மாநிலப் போக்குவரத்து அமைச்சர் ஆண்டனி ராஜு, 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இப்போதைக்கு அபராதம் கிடையாது என்று அறிவித்திருந்தார். சட்டம் மாறவில்லை. கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள்தான் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

காவலர் போய் கேமரா வந்தது ஏன்?

கேமராக்களுக்கு ஆதரவான வாதம் பலவீனமானதல்ல. 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் ஹெல்மெட் அணியாதவர்கள் மட்டும் 50,029. சீட் பெல்ட் போடாதவர்கள் 16,715. சாவுகளில் 71 சதவிகிதத்துக்கு அதிவேகம்தான் காரணம் என்கிறது மத்தியப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை. இத்தனை பெரிய நாட்டில் ஒவ்வொரு முனையிலும் ஒரு காவலரை நிறுத்துவது நடக்கிற காரியமில்லை.

நிறுத்தினாலும் என்ன ஆகும் என்பது ஊரறிந்த ரகசியம். ரசீது வேண்டுமா, வேண்டாமா என்று ஆரம்பிக்கும் பேரம். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்து மாறும் குரல். யாரோ ஒரு பெரிய மனிதருக்குப் போடப்படும் போன். காவலர் யாரை நிறுத்துவார் என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. விலையுயர்ந்த காரைவிடப் பழைய டெம்போவை நிறுத்துவது அவருக்கு எளிது. கேமராவுக்கு இந்தப் பேதங்கள் தெரியாது. கேரளத்தில் எம்.எல்.ஏ., எம்.பி.க்களின் வண்டிகளும் சிக்கியதாகச் சொன்னார் போக்குவரத்து அமைச்சர். அந்த அளவில் கேமரா, சாலையில் இதுவரை இல்லாத ஒரு சமத்துவத்தைக் கொண்டுவந்திருக்கிறது. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் காவலரிடம் ஒரு வசதி இருந்தது. அவரிடம் பேசலாம். பிரசவ வலியில் மனைவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறவன் சிவப்பு விளக்கைத் தாண்டினால் அவர் வழிவிடுவார். ஆம்புலன்சுக்கு ஒதுங்குவதற்காக நிறுத்தக் கோட்டைத் தாண்டிய காரை அவர் கண்ணாலேயே பார்த்திருப்பார். கேமராவுக்குத் தெரிவது கோடும் சக்கரமும்தான்.

நூற்றில் ஒன்று என்பது எவ்வளவு?

கேமரா பொய் சொல்லாது என்று அடிக்கடி சொல்லப்படுகிறது. படம் பொய் சொல்லாது என்பது சரி. படத்தில் இருப்பது என்ன என்று முடிவு செய்வது கம்ப்யூட்டர். அங்கேதான் சிக்கல். கறுப்புச் சட்டைமீது கறுப்பு பெல்ட் இருந்தால் பெல்ட் இல்லை என்று தோன்றலாம். காதைச் சொறியும் கை செல்போன் பிடித்த கையாகலாம். எண்பலகையில் சேறு படிந்தால் 8 என்பது 3 ஆகும். விசித்திரமான எழுத்துகளில் எழுதிய பழைய எண்பலகைகள் மனிதக் கண்ணுக்கே சவால்.

பிரிட்டனில் 2021ல் நடந்த சம்பவம் ஒன்று உலகையே சிரிக்க வைத்தது. சரே பகுதியில் வசிக்கும் ஒருவருக்கு, வெகு தொலைவில் உள்ள பாத் நகரில் பஸ்களுக்கான பாதையில் வண்டி ஓட்டியதாக அபராத நோட்டீஸ் வந்தது. படத்தைப் பார்த்தால் வண்டியே இல்லை. ஒரு பெண் நடந்து போய்க்கொண்டிருந்தார். அவருடைய சட்டையில் 'பின்னலாடை பின்னுபவர்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் பெரிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருந்தது. தோள்பையின் பட்டை நடுவில் மறைத்ததால் அதைக் கம்ப்யூட்டர் ஒரு வண்டியின் எண்ணாகப் படித்துவிட்டது! அபராதம் ரத்தானது.

கேரளத்துக்கும் ஒரு கதை கிடைத்தது. 2023ல் பையன்னூர் பக்கம் எடுக்கப்பட்ட ஒரு படத்தில், காரின் பின் இருக்கையில் தங்களுக்குத் தெரியாத ஒரு பெண்ணின் உருவம் இருப்பதாகக் காரில் போன குடும்பம் சொல்ல, ஆவி என்றுகூட ஊரில் வதந்தி பரவியது. ஆவிகள் மீது அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் படத்தைப் பார்த்த இரண்டு பேர் அதில் இரண்டு விதமான காட்சியைப் பார்க்க முடியும் என்பது அன்று நிரூபணமானது.

எளிய கணக்கு ஒன்று போடலாம். நூற்றுக்கு 99 முறை சரியாகச் சொல்லும் கேமரா ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அது ஒரு நாளில் ஒரு லட்சம் வண்டிகளைப் பார்த்தால், தவறாகச் சொல்வது 1,000 முறை. இதில் விதியை மீறியும் தப்பித்துப் போகிறவர்கள் புகார் சொல்லப்போவதில்லை. தவறு செய்யாமலே மாட்டுகிறவர்கள்தான் பிரச்னை. எல்லோரும் ஒழுங்காக ஹெல்மெட் போடும் ஊரில் இந்த முரண் இன்னும் கூர்மையாகும். உண்மையான குற்றவாளிகள் குறையக் குறைய, சிக்கியவர்களில் அப்பாவிகளின் விகிதம் ஏறிக்கொண்டே போகும்.

இதனால்தான் நடுவில் ஒரு மனிதக் கண் வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். கேரள ஏற்பாட்டில் கேமரா எடுத்த படம் நேராக வீட்டுக்குப் போவதில்லை. கட்டுப்பாட்டு அறை ஊழியர்கள் அதைப் பார்க்க வேண்டும். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் ஒப்புதல் தர வேண்டும். அதன் பிறகே நோட்டீஸ். ஆனால் ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் படங்கள் குவியும்போது, ஒவ்வொன்றுக்கும் எத்தனை விநாடி ஒதுக்க முடியும்? கம்ப்யூட்டர் சொன்னதற்குத் தலையாட்டுவது சுலபம், மறுப்பதற்குத்தான் யோசிக்க வேண்டும். பணத் தகராறும் சேர்ந்துகொண்டது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம், தன் அனுமதியின்றி ஒப்பந்தப் பணம் தரக்கூடாது என்றது. பாக்கி ஏறியதும் கெல்ட்ரான் கட்டுப்பாட்டு அறைகளில் ஊழியர்களைக் குறைத்தது. நோட்டீஸ் அனுப்புவதும் தடைபட்டது. கேமரா மட்டும் ஓய்வில்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

இன்னொரு சங்கடமும் உண்டு. நோட்டீஸ் போவது வண்டியின் உரிமையாளருக்கு. திருவனந்தபுரத்தில் 2023 ஏப்ரலில், மனைவி பெயரில் இருந்த ஸ்கூட்டரில் ஹெல்மெட் இல்லாமல் வேறொரு பெண்ணை ஏற்றிச் சென்றார் ஒருவர். படம் நேராக மனைவிக்குப் போனது. வீட்டில் வெடித்த சண்டை போலீஸ் நிலையம் வரை சென்றது. அந்தக் கணவரிடம் அனுதாபம் கொள்வது கஷ்டம்தான். ஆனாலும் ஹெல்மெட்டுக்காக எடுத்த படம் வேறு எதையெல்லாம் யாருக்கெல்லாம் காட்டலாம் என்ற கேள்வி நிற்கத்தான் செய்கிறது.

பலகையில் 70, கேமராவில் 60

கேமரா சரியாகவே வேலை செய்து, கம்ப்யூட்டரும் சரியாகவே படித்து, அப்படியும் அபராதம் அநியாயமாக இருக்க முடியும். தில்லியில் 2019ல் நடந்தது இதுதான்.

நிஜாமுதீன் பாலத்திலிருந்து காஜிப்பூர் வரையிலான தேசிய நெடுஞ்சாலை 24ல் புதிதாக வேகக் கேமராக்கள் வைக்கப்பட்டன. அகலமான, வழுக்கிக்கொண்டு போகும் சாலை. சாலையோரப் பலகையில் வேக வரம்பு மணிக்கு 70 கி.மீ. என்று இருந்தது. போக்குவரத்துப் போலீசாரின் கேமராக்களோ 60 கி.மீ. என்ற வரம்புக்குப் பொருத்தப்பட்டிருந்தன. பலகையை நம்பி 65ல் போனவருக்கு நோட்டீஸ். தினமும் அதே வழியில் அலுவலகம் போய்வந்தவர்களுக்கு நோட்டீஸ்மேல் நோட்டீஸ். ஆகஸ்டுக்கும் அக்டோபருக்கும் இடையில் இப்படிச் சேர்ந்தவை சுமார் ஒன்றரை லட்சம். கடைசியில் அத்தனையையும் திரும்பப் பெறுவதாக அறிவித்தது தில்லி போக்குவரத்துப் போலீஸ்.

இதில் கவனிக்க வேண்டியது எண்ணிக்கை. ஒரு காவலர் வேக வரம்பைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஒரு நாளில் ஐம்பது பேர் பாதிக்கப்படுவார்கள், அதற்குள் யாராவது ஒருவர் பலகையைக் காட்டிச் சண்டை போட்டிருப்பார். கேமராவோடு சண்டை போட ஆளில்லை. தவறு வெளியே வருவதற்குள் லட்சத்தைத் தாண்டிவிட்டது.

சட்டம் எழுதியவர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் இல்லை. 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தில் 136ஏ என்ற புதிய பிரிவு மின்னணுக் கண்காணிப்புக்கு வழி செய்தது. அதன் கீழ் 2021 ஆகஸ்டில் மத்திய அரசு 167ஏ என்ற விதியைக் கொண்டுவந்தது. படித்துப் பார்த்தால் நல்ல விதி. கேமரா இருக்கும் பகுதிக்கு முன்பே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். கருவிக்கு மாநில அரசு நியமிக்கும் அமைப்பின் ஒப்புதல் சான்றிதழ் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மீறல் நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். அதில் மீறலையும் எண்பலகையையும் தெளிவாகக் காட்டும் படம், கருவி காட்டிய அளவு, நாள், நேரம், இடம், மீறிய சட்டப் பிரிவு, மின்னணுச் சாட்சியத்துக்கான சான்றிதழ் எல்லாம் இருக்க வேண்டும் என்றது அந்த விதி.

நடைமுறையில் பலருக்கு வருவது செல்போனில் ஒரு குறுஞ்செய்தி. அதுவும் வண்டி வாங்கியபோது கொடுத்த, இப்போது யாரிடமோ இருக்கும் எண்ணுக்கு. அபராதம் இருப்பதே வண்டியை விற்கப் போகும்போதுதான் தெரிகிறது.

இன்னொன்று. மூலைக்கடை மளிகைக்காரர் தன் தராசுக்கும் படிக்கல்லுக்கும் குறித்த காலத்தில் அரசு முத்திரை வாங்காவிட்டால் தண்டனை. ஆனால் வண்டியின் வேகத்தை அளந்து ஆயிரக்கணக்கில் அபராதம் வாங்கித் தரும் ரேடார் கருவிக்கு, எடையளவுச் சட்டத்தின் கீழ் அப்படியொரு முத்திரை கட்டாயம் என்பது 2025 ஜூலை 1 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. தராசுக்குக் கிடைத்த மரியாதை ரேடாருக்குக் கிடைக்க இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

கட்டுவதே லாபம்

தவறான அபராதம் வந்தால் மறுக்கலாம். இணையத்தில் புகார் செய்யலாம், நீதிமன்றத்துக்குப் போகலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் யாரும் போக மாட்டார்கள். ஹெல்மெட்டுக்குக் கேரளத்தில் அபராதம் ரூ. 500. வழக்காடப் போனால் ஒரு நாள் கூலி போகும், வக்கீலுக்குப் பணம் போகும், தவணை கிடைத்தால் இன்னொரு நாளும் போகும். நிரபராதிக்குக் கட்டிவிட்டுப் போவதே லாபம். இப்படிக் கட்டப்படும் ஒவ்வொரு ரூபாயும், கேமரா சரியாகவே சொன்னது என்பதற்கான சாட்சியாகக் கணக்கில் ஏறுகிறது.

உள்ளூர்க்காரர் பாடு இது என்றால் லாரிக்காரர் பாடு சொல்ல வேண்டியதில்லை. நாமக்கல்லில் பதிவான லாரி நாடு முழுவதும் ஓடுகிறது. மகாராஷ்டிரத்தில் ஒரு கேமரா அதைப் படம் எடுத்தால், மறுக்க விரும்பும் உரிமையாளர் அந்த மாநில நீதிமன்றத்தில், அந்த மாநில மொழியில் நிற்க வேண்டும். வண்டி அங்கே நின்றது சுங்கச் சாவடியிலா, சாலையோரத்திலா, முன்னால் விபத்தா என்பது ஓட்டுநருக்குத்தான் தெரியும். அந்த ஓட்டுநர் அதற்குள் வேறு முதலாளியிடம் போயிருப்பார். இல்லையென்றால் அபராதம் அவர் சம்பளத்திலிருந்து பிடிக்கப்பட்டிருக்கும். கட்டாமல் விட்டால் தகுதிச் சான்று, பெயர் மாற்றம் போன்ற வேலைகளில் முட்டுக்கட்டை விழும். 2025 ஜூலையில் மகாராஷ்டிரத்தில் சரக்கு வாகன உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது முதல் கோரிக்கையே இந்த மின்னணு அபராதங்கள் பற்றியதுதான்.

லாரிக்காரர்கள் எல்லோரும் அப்பாவிகள் என்று சொல்ல முடியாது. மலைப்பாதையில் பிரேக்கைவிடக் கடவுளை அதிகம் நம்பி ஓட்டுகிறவர்கள் அவர்களிடையே உண்டு. ஆனால் குற்றவாளியையும் நிரபராதியையும் பிரித்துப் பார்க்கும் இடம் ஒன்று எட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமே!

பாக்கி எக்கச்சக்கமாகச் சேர்ந்ததும் அரசுகள் கண்டுபிடித்த வழி, தள்ளுபடி. துணிக்கடைக்கு ஆடி போலப் போக்குவரத்துப் போலீசுக்கும் ஒரு சீசன் வந்துவிட்டது. தெலங்கானா 2022 மார்ச்சில் இருசக்கர வாகனங்களுக்கு 75 சதவிகிதம் தள்ளுபடி தந்தது. 2023 டிசம்பரில் அது 80 ஆனது. பெங்களூரில் 2023 பிப்ரவரி 3 முதல் 11 வரை பாதி கட்டினால் போதும் என்று அறிவித்ததும் காவல் நிலையங்களில் வரிசை நின்றது. ஒன்பதே நாளில் ரூ. 120 கோடிக்கு மேல் வசூல். அந்த வெற்றியில் மயங்கி அதே சலுகை மறுபடி மறுபடி அறிவிக்கப்பட்டது, 2025 ஆகஸ்டிலும். உத்தரப்பிரதேசம் ஒரு படி மேலே போய், 2017 முதல் 2021 வரையிலான பழைய அபராதங்களை ரத்து செய்வதாக 2023ல் அறிவித்தது.

இதில் ஏமாந்தவர் யார் என்றால், நோட்டீஸ் வந்த மறுநாளே முழுத் தொகையையும் கட்டியவர். சட்டத்துக்குப் பயந்தவருக்கு முழு விலை, பயப்படாதவருக்குக் கால் விலை. இனி எந்தப் புத்திசாலி உடனே கட்டுவான்?

பெங்களூரில் 2023 கடைசியில் ஒரு ஸ்கூட்டர் செய்தியில் அடிபட்டது. அதன்மேல் 600க்கும் அதிகமான மீறல்கள். அபராதம் ரூ. 3 லட்சத்துக்கு மேல். ஸ்கூட்டரின் விலை அதில் பாதிகூட இருக்காது. எல்லோரும் ஓட்டியவர்களின் துணிச்சலைப் பேசினார்கள். கேமராக்களின் கையாலாகாத்தனத்தை யாரும் பேசவில்லை. 600 முறை ஹெல்மெட் இல்லாமல் போனதை 600 முறை பார்த்துவிட்டு, ஒரு முறைகூட யாரும் அந்த வண்டியை நிறுத்தவில்லை. ஒரு காவலர் முதல் நாளே நிறுத்தி வண்டியை ஓரம் கட்டியிருந்தால் அந்த ஓட்டுநரின் தலைக்கும் நல்லது, பர்சுக்கும் நல்லது. மாதக்கணக்கில் கழித்து வரும் அபராதத்தால் யாரும் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொள்வதில்லை. அது கடனாகத்தான் சேருகிறது.

கேமராக்கள் குறையப் போவதில்லை. கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் சாலை விபத்துகள் குறித்து 2012ல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கு, சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு குழு அமைவதற்குக் காரணமானது. அதே வழக்கில் 2024 செப்டம்பரில் நீதிபதி அபய் ஓகா தலைமையிலான அமர்வு, 136ஏ பிரிவையும் 167ஏ விதியையும் அமல்படுத்த என்ன செய்தீர்கள் என்று மாநிலங்களைக் கேட்டது. மாநிலங்கள் கேமரா எண்ணிக்கையை நீதிமன்றத்தில் சொல்ல வேண்டிய நிலை. எத்தனை கேமரா என்பதைச் சொல்வது சுலபம். எச்சரிக்கைப் பலகை எத்தனை, 15 நாளில் போன நோட்டீஸ் எத்தனை, மறுத்தவர்களில் எத்தனை பேர் ஜெயித்தார்கள் என்பதுதான் வாகன ஓட்டிக்கு வேண்டிய கணக்கு.

உயிர்கள் மிஞ்சினவா என்ற கேள்விக்குக் கேரளத்தில் ஓரளவு பதில் இருக்கிறது. 2022ல் அங்கே சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 4,317 பேர். கேமராக்கள் வந்த 2023ல் 4,080. அடுத்த ஆண்டு இன்னும் குறைந்தது. இத்தனைக்கும் 2023ல் விபத்துகளின் எண்ணிக்கை முந்தைய ஆண்டைவிட அதிகம். மோதல்கள் கூடியும் சாவுகள் குறைந்திருக்கின்றன என்றால், தலையில் ஹெல்மெட்டும் மார்பில் பெல்ட்டும் இருந்தது ஒரு காரணமாக இருக்கக்கூடும். ஆனால் நாட்டில் சாலைச் சாவுகளில் பெரும்பங்குக்குக் காரணம் வேகம். அந்தத் திட்டத்தின் 726 கேமராக்களில் 25 தவறான பார்க்கிங்கைப் பிடிப்பவை, 18 சிவப்பு விளக்கைத் தாண்டுவதைப் பிடிப்பவை. வேகத்தை அளப்பவை நிலையாக நிற்கும் நான்கும், வண்டியில் கொண்டுபோகும் நான்கும். ஆக, எட்டு.